மாட்டு டாக்டருக்கு வலிச்சா..?

நீங்க இப்போ போட்டிருக்கிற டி-ஷர்ட் அநேகமா திருப்பூர்ல தைச்சதா இருக்கும் பாஸ்! 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊராச்சே. கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங்னு ஒரு பனியன் எத்தனை கை மாறுதுன்னு பல பேர் எழுதிட்டாங்க. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஷாப்பிங்னு ஊரே நிரம்பி வழியறதையும் நீங்க படிச்சிருப்பீங்க.

அதனால இந்த வாரம் பனியன் கம்பெனிக்குள்ள உங்களைக் கூட்டிட்டுப் போகப் போறதில்லை. கம்பெனி வேன் காலையில எங்கிருந்து ஆளை ஏத்திக்கிட்டு வருதோ, அந்தப் பக்கம் போகலாம். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம். மாவட்டத்தோட இன்னொரு முகம். அங்கே பஞ்சு, நூல், துணி பேச்சு கம்மி. ஆடு, மாடு பேச்சுதான் ஜாஸ்தி. அங்கே நான் சந்திக்கப் போனது ஒரு மாட்டு டாக்டரை!

'இன்ஜினீயரிங் படிக்கிறவனுக்கு மாட்டாஸ்பத்திரியில என்ன வேலை?'ன்னு ஹாஸ்டல்ல கலாய்ச்சாங்க. வேலை இருந்துச்சு மக்களே. ஒரே ஒரு கேள்வியோட போனேன். ஊருல எந்த ஜீவனுக்கு வலிச்சாலும் டாக்டரைக் கூப்பிடுறோம். அந்த டாக்டருக்கு வலிச்சா, அவங்க யாரைக் கூப்பிடுவாங்க?

வேலிக்குள்ள ஒரு உலகம்

திருப்பூர்ல காங்கேயம் பஸ்ஸைப் பிடிங்க. நல்லூர் தாண்டுற வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே கம்பெனி கேட், பேக்கரி, டிபன் பையோட நடக்கிற பெண்கள்தான். படியூர் வந்ததும் காத்து மாறும். வலது இடதுன்னு களத்துல கொப்பரை காயும். சிவன்மலை தெரியும். காங்கேயம் ஊருக்குள்ள அரிசி ஆலைகள். அதையும் தாண்டி வெள்ளகோவில் ரோட்டைப் பிடிச்சா, ரெண்டு பக்கமும் முள்வேலி மாதிரி ஒண்ணு கூடவே வரும். உத்துப் பாருங்க, அது கிளுவை. உயிர் வேலி!

வேலிக்குள்ள இருக்கிறதுக்குப் பேர் கொறங்காடு. மழை குறைஞ்ச இந்த மண்ணுல, மேய்ச்சலுக்காகவே தலைமுறை தலைமுறையா விட்டு வெச்சிருக்கிற நிலம். கீழே கொழுக்கட்டைப் புல், மேலே நிழலுக்கு வெள்வேல மரம். நிலத்தைப் பகுதி பகுதியாப் பிரிச்சு, ஒரு பக்கம் மேய்ஞ்சு முடிச்சதும் அடுத்த பக்கம் மாத்தி விடுவாங்க. செவலைக் கன்னாப் பொறந்து, வளர வளர நிறம் மாறி, திமிலை ஆட்டிக்கிட்டு நிக்குமே காங்கேயம் காளை, அதை வளர்த்தது இந்தப் புல்லுதான்.

இப்போ இந்தக் காட்டுல மாட்டைவிடச் செம்மறி ஆடுகள்தான் நிறைய கண்ணுல படுது. காரணம் சிம்பிள். வீட்டுல மகனும் மருமகளும் காலையில கம்பெனி வேன் ஏறிடுவாங்க. தோட்டத்துல இருக்கிறது வயசானவங்க. மாட்டை இழுத்துக் கட்டத் தெம்பு வேணும். ஆட்டைக் கொறங்காட்டுக்குள்ள விட்டு வேலிப் படலைச் சாத்திட்டா, அதுபாட்டுக்கு மேயும். ராத்திரி பட்டியில அடைச்சுடலாம். பேத்திக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணுமா, ரெண்டு கிடாயைச் சந்தைக்கு ஓட்டு. அவங்களுக்கு ஏ.டி.எம். அதுதான்!

அந்த ஏ.டி.எம்-முக்குத்தான் இப்போ ஆபத்து. தெருநாய்கள் கூட்டமா வேலி தாண்டி வந்து, பட்டியில அடைச்ச ஆடுகளைக் கடிச்சுக் குதறுற செய்திகளை நீங்களும் பேப்பர்ல பார்த்திருப்பீங்க. 2024, 2025-ல காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்துல நூற்றுக்கணக்கான ஆடுகள் இப்படிச் செத்துச்சு. இழப்பீடு கேட்டு விவசாயிங்க செத்த ஆடுகளோட ரோட்டுக்கே வந்தாங்க. 2025-ல தமிழக அரசு இழப்பீடு அறிவிச்சது. ஆனா அந்தப் பணம் வரணும்னா, ஆடு நாய் கடிச்சுத்தான் செத்துச்சுன்னு ஒருத்தர் பரிசோதிச்சு எழுதித் தரணும். அந்த ஒருத்தர்தான் நம்ம டாக்டர்.

'அதையும் சேர்த்து எழுதிருங்க அம்மிணி'

வெள்ளகோவில் தாண்டி ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகம். ஊர் பேரும் தன் பேரும் வேண்டாம்னு டாக்டர் கேட்டுக்கிட்டதால, இனி அவங்க 'டாக்டரம்மா'. வயசு முப்பது சொச்சம். கூடவே ஒரு கால்நடை பராமரிப்பு உதவியாளர், ஐம்பதைத் தாண்டினவர். நமக்கு 'அண்ணன்'. ஒரு ஸ்கூட்டர், ஒரு மொபெட், ஒரு மருந்துப் பெட்டி. இவ்வளவுதான் டீம்!

காலை ஏழு மணிக்கெல்லாம் போன் வந்துடுச்சு. பட்டியில நாய் பூந்துடுச்சாம். நானும் மொபெட் பின்னாடி தொத்திக்கிட்டேன்.

விவரமா எழுதி உங்க சாப்பாட்டைக் கெடுக்க மாட்டேன். பதினாலு ஆடுகள்ல எட்டு செத்துக் கிடந்துச்சு. மூணுக்குத் தொடையில காயம். பட்டிக்கு வெளியில ஒரு ஆத்தா குத்த வெச்சு உட்கார்ந்திருந்தாங்க. அழலை. டாக்டரம்மா முதல்ல காயம்பட்ட மூணையும் பார்த்தாங்க. கழுவி, தையல் போட்டு, ஊசி போட்டு, வெறிநாய்க்கடி தடுப்பூசிக்குத் தேதி சொல்லி... அதுக்கப்புறம்தான் செத்த ஆடுகள் பக்கம் திரும்பினாங்க. ஒண்ணொண்ணா அறுத்துப் பார்த்துக் குறிப்பெடுத்தாங்க.

ஏழு ஆடுகள்ல பல் தடம் தெளிவா இருந்துச்சு. எட்டாவது ஆட்டுல காயமே இல்லை. வயிறு உப்பியிருந்துச்சு. அது நாய் வர்றதுக்கு முன்னாடியே, வேற காரணத்துல செத்தது.

ஆத்தா அப்போதான் வாயைத் திறந்தாங்க. "அதையும் சேர்த்து எழுதிருங்க அம்மிணி. ஒண்ணு கூடப் போனா கவர்மென்டுக்கு என்ன குறைஞ்சிரப் போகுது?"

யோசிச்சுப் பாருங்க, நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? எட்டுன்னு எழுதினா பொய்க் கையெழுத்து. அது தெரிஞ்சா, அடுத்து வர்ற பத்து ஆத்தாக்களோட நிஜமான சான்றிதழையும் யாரும் நம்ப மாட்டாங்க. ஏழுன்னு எழுதினா, எல்லாத்தையும் இழந்து உட்கார்ந்திருக்கிறவங்ககிட்ட இருந்து இன்னொரு ஆட்டுக் காசையும் பிடுங்கின மாதிரி.

டாக்டரம்மா ஏழுன்னுதான் எழுதினாங்க. "ஆத்தா, இது உப்புசத்துல போனது. நான் மாத்தி எழுத முடியாதுங்க"ன்னு பக்கத்துல உட்கார்ந்து நிதானமாச் சொன்னாங்க. ஆத்தா பதில் பேசலை. நாங்க கிளம்புறப்போ வழக்கமாச் சொல்ற 'போயிட்டு வாங்க'வும் வரலை.

வண்டியில வர்றப்போ அண்ணன் திரும்பாமலே சொன்னார். "போன மாசம் இதே ஆத்தாதானுங் தம்பி, எங்களை உட்கார வெச்சு மோர் ஊத்திக் குடுத்துச்சு."

சந்தோஷமும் உண்டு!

'என்னப்பா, ஒரே சோகமா இருக்கே'ங்கிறீங்களா? இருங்க. பத்து மணிக்கு ஒரு கேஸ். கன்னு போட்டு ரெண்டு நாளான பசு, தலையை வயித்துப் பக்கம் மடிச்சுப் படுத்துக் கிடந்துச்சு. காதெல்லாம் சில்லுன்னு இருந்துச்சு. வீட்டுக்காரர் நம்பிக்கையை விட்டுட்டார். டாக்டரம்மா பார்த்ததும் "பால் காய்ச்சல்"னாங்க. பேர்தான் காய்ச்சல், உண்மையில உடம்பு சூடு குறையும். கன்னு போட்டதும் திடீர்னு பால் சுரக்கிறதுல ரத்தத்துல இருக்கிற கால்சியம் சடார்னு இறங்கிடுது. நரம்புல மெதுவா கால்சியம் ஏத்தினாங்க. இதயத் துடிப்பைக் கவனிச்சுக்கிட்டே ஏத்தணுமாம், வேகமாப் போனா ஆபத்து.

அரை மணி நேரத்துல அந்தப் பசு உடம்பைச் சிலிர்த்து, சாணி போட்டு, எழுந்து நின்னுச்சு பாருங்க... சினிமா தோத்துச்சு! அந்த வீட்டுல எனக்கும் சேர்த்துக் காபி கிடைச்சது. "இந்த ஒரு கேஸ் போதும், ஒரு வாரம் ஓடும்"னு டாக்டரம்மா சிரிச்சாங்க. அன்னிக்கு அவங்க சிரிச்சதை அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

அடுத்த வீட்டுலயும் ஒரு பசு படுத்துத்தான் கிடந்துச்சு. ஆனா கால்சியத்தால எழுப்ப முடியாத கேஸ். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போயிடுச்சு. ஒன்பதாவது நாள். படுத்த பக்கமெல்லாம் புண். இனி எழுந்திருக்காதுன்னு டாக்டரம்மாவுக்கு மூணாவது நாளே தெரியும். வலி தெரியாம முடிச்சு வெச்சிடலாம்னு பக்குவமாச் சொல்லியும் பார்த்துட்டாங்க.

வீட்டுக்காரர் கல்நெஞ்சக்காரர் இல்லை பாஸ், அதுதான் சிக்கலே. இளகின மனசு. "பன்னெண்டு வருஷம் பால் குடிச்சிருக்கோம். கறிக்கும் குடுக்க மாட்டேன், ஊசி போட்டும் கொல்ல விட மாட்டேன். அந்தப் பாவம் நமக்கு வேண்டாமுங்க." அவர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கா இல்லையா? ஆனா அந்த மாடு மூச்சு விடுறப்போ எல்லாம் முனகுது. டாக்டரம்மாவால முடிஞ்சது, தினமும் வந்து வலிக்கு ஊசி போட்டு, புண்ணைத் துடைச்சு, புரட்டிப் படுக்க வைக்கிறது மட்டும்தான்.

'முடிஞ்சா செய்வேன்' - இது நமக்குச் சாதாரண வார்த்தை. என்ன செய்யணும்னு தெரிஞ்சும், செய்யத் தெரிஞ்சும், செய்ய முடியாம தினமும் அதே வாசல்ல போய் நிக்கிறவங்களுக்கு?

பிடிக்கிற கை

மதியம் மருந்தகத் திண்ணையில அண்ணன் பேச ஆரம்பிச்சார். அவர் சொன்னது நாய்களைப் பத்தி.

கொஞ்சம் பின்னணி சொல்லிடறேன். நம்ம நாட்டுல தெருநாய்களைக் கண்டபடி கொல்ல முடியாது. 2001-ல வந்த நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகள், அதுக்குப் பதிலா 2023-ல வந்த புது விதிகள், ரெண்டுமே 'பிடி, கருத்தடை பண்ணு, தடுப்பூசி போடு, பிடிச்ச இடத்துலயே விடு'ங்குது. தீராத நோய், பிழைக்கவே முடியாத காயம்னா மட்டும் கருணைக் கொலைக்கு இடம் உண்டு. 2025 ஜூலையில தமிழக அரசும், கடுமையான நோயில அவதிப்படுற தெருநாய்களைப் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்கள் மூலமா கருணைக் கொலை செய்ய அனுமதி கொடுத்துச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் முதல்ல டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்துக்குக் கொண்டு போகச் சொல்லி, பதினோரு நாள்ல அதை மாத்தி, நாடே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு சண்டை போட்டது ஞாபகம் இருக்கும்.

டி.வி-யில சண்டை போட்ட ரெண்டு கட்சியும் ஸ்டுடியோவுல இருந்தாங்க. நாயைப் பிடிச்சுக்கிட்டு நின்னது அண்ணன் மாதிரி ஆளுங்க!

"ஊசி போடுறது டாக்டருங்க. பிடிக்கிறது நானுங்க தம்பி. லாரியில அடிபட்டு முதுகு ஒடிஞ்சு கிடக்கும். பிழைக்காதுன்னு நமக்கே தெரியும். செய்யறது நல்லதுன்னும் தெரியும். ஆனா அந்த நாய் கடைசியா ஊசியைப் பார்க்காதுங்க. பிடிச்சிருக்கிற என்னையத்தான் பார்க்கும். காப்பாத்துறதுக்குத்தான் பிடிச்சிருக்கேன்னு நினைச்சுக்கிட்டு வாலை ஆட்டும்."

கொஞ்ச நேரம் அவர் பேசலை. "அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போனா, நாம வளர்க்கிற நாய் ஓடியாந்து காலை நக்கும். குளிக்காம அதைத் தொட மாட்டேனுங்க."

ஒரு விஷயம் சொல்றேன் கேளுங்க. 2001 விதிகள்ல ஒரு வரி இருக்கு: எந்த நாயையும் இன்னொரு நாய் பார்க்கிற மாதிரி கருணைக் கொலை செய்யக் கூடாது. எவ்வளவு நல்ல சட்டம் பாருங்க! பார்த்துக்கிட்டு இருக்கிற நாய்க்கு மனசு இருக்குன்னு சட்டம் எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பார்த்துக்கிட்டும் பிடிச்சுக்கிட்டும் இருக்கிற மனுஷனுக்கு என்ன பண்ணணும்னு அதே பத்தியில ஒரு வார்த்தை இல்லை.

இதுக்கு ஒரு பேர் உண்டு

'மோரல் டிஸ்ட்ரெஸ்'னு சொல்றாங்க. தமிழ்ல 'அறத் துயர்'னு வெச்சுக்கலாமா? 1984-ல ஆண்ட்ரூ ஜேம்ட்டன்ங்கிற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர், நர்ஸுங்களைப் பத்தி எழுதின புத்தகத்துல இந்த வார்த்தையைப் பயன்படுத்தினார். எது சரின்னு தெரியும், ஆனா சட்டமோ, நிர்வாகமோ, பணமோ, மேலதிகாரியோ அதைச் செய்ய விடாது. அந்த நிலைமையில வர்ற வேதனை. அதே எண்பதுகள்ல பெர்னார்ட் ரோலின்ங்கிற இன்னொரு தத்துவப் பேராசிரியர், மிருகங்களைக் கருணைக் கொலை செய்யறவங்களுக்கு வர்றது சாதாரண டென்ஷன் இல்லை, அதுக்கு லீவு போட்டா சரியாகாதுன்னு எழுதினார். உயிரைக் காப்பாத்தணும்னு வந்தவங்களே அதை எடுக்க வேண்டியிருக்கேங்கிற முரண்லதான் அது பொறக்குதுன்னார்.

நான் மெக்கானிக்கல். எனக்குப் புரிஞ்ச பாஷையில சொல்றேன். ஒரு தூண் தலையில பெரிய பாரம் வெச்சாலும் தாங்கும், அதுக்குத்தான் டிசைன் பண்ணியிருக்கு. அதே தூணுக்குப் பக்கவாட்டுல இருந்து தள்ளு கொடுத்தா, கம்மி பாரத்துலயே வளையும். ரத்தம், சாணி, ராத்திரி ரெண்டு மணி போன், உதைக்கிற மாடு... இதெல்லாம் தலையில வர்ற பாரம். படிச்சு, பழகி, தயாராகித்தான் வந்திருக்காங்க. 'அதையும் சேர்த்து எழுதிருங்க அம்மிணி'ங்கிறது பக்கவாட்டுல இருந்து வர்ற தள்ளு. அதுக்கு எந்த செமஸ்டர்லயும் பேப்பர் இல்லை.

இது நம்ம ஊர்க் கதை மட்டுமில்லை. 2018-ல வெளியான ஒரு ஆய்வுல வட அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 889 பேர்கிட்ட கேட்டாங்க. இந்த மாதிரி சிக்கலைச் சமாளிக்கவும், தன்னைத் தானே பார்த்துக்கவும் தங்களுக்குப் பயிற்சியே கிடைக்கலைன்னு சொன்னவங்க 70 சதவிகிதத்துக்கும் மேல! பிரிட்டன்ல இன்னும் கவலை. அங்கே கால்நடை மருத்துவர்களோட தற்கொலை விகிதம் பொதுமக்களைவிட மூணு நாலு மடங்குன்னு 2010-ல வந்த ஆய்வுக் கட்டுரை சொல்லுச்சு. அங்கே 'வெட்லைஃப்'னு இந்தத் தொழில்காரங்களுக்காகவே ஒரு உதவி அமைப்பு இயங்குது. அமெரிக்காவுல 2014-ல 'நாட் ஒன் மோர் வெட்'னு மருத்துவர்களே ஒருத்தரை ஒருத்தர் தாங்கிப் பிடிக்க ஆரம்பிச்சாங்க.

நம்ம பக்கமும் இந்தப் படிப்புக்குப் பஞ்சமில்லை. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல ஆரம்பிச்சது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989-ல வந்தது. இதே திருப்பூர் மாவட்டத்துல, உடுமலைப்பேட்டை பக்கம் பண்ணைக்கிணறுல 2020-ல ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியிருக்காங்க. ப்ளஸ் டூ-வுல மார்க்கை அள்ளி, 'வாயில்லா ஜீவனைக் காப்பாத்தணும்'னு அங்கே சேர்ந்திருக்கிற உங்க ஸ்கூல் ஃப்ரெண்டு ஒருத்தராவது இருப்பாங்கதானே? ஆத்தாவோட அந்தக் கேள்வி ஒருநாள் அவங்களுக்கும் வரும்.

புளியமரத்தடி சிகிச்சை

அப்போ என்னதான் மருந்து? டாக்டரம்மாவும் அண்ணனும் ஒரு வழக்கம் வெச்சிருக்காங்க. யாரும் சொல்லிக் கொடுக்கலை, அவங்களாப் பழகிக்கிட்டது. மனசைக் கஷ்டப்படுத்தின கேஸ் முடிஞ்சா, நேரா மருந்தகம் திரும்ப மாட்டாங்க. வழியில ஒரு புளியமரத்தடி டீக்கடை. வண்டியை நிறுத்தி, ரெண்டு டீ சொல்லி, பத்து நிமிஷம் அந்தக் கேஸைப் பத்திப் பேசுவாங்க. என்ன நடந்துச்சு? வேற மாதிரி செஞ்சிருக்கலாமா? எது நம்ம கையில இருந்துச்சு, எது இல்லை?

அன்னிக்கும் நின்னோம். "ஏழுன்னு எழுதினது தப்பா அண்ணா?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. "எழுதினது சரிதானுங்க. ஆனா சாயங்காலம் நான் ஒருநடை போய், தையல் போட்ட ஆட்டைப் பார்த்துட்டு வர்றேன். நாம கோவிச்சுக்கிட்டோம்னு ஆத்தா நினைக்கக் கூடாதுல்ல"ன்னார். டாக்டரம்மா டீயை முழுசாக் குடிச்சாங்க. அவ்வளவுதான் சிகிச்சை!

இதையேதான் வெளிநாட்டுல முறைப்படி செய்யறாங்க. கஷ்டமான கேஸ் முடிஞ்சதும் மொத்த டீமும் உட்கார்ந்து பேசுறது. அதுல டாக்டர், உதவியாளர்னு ஏத்த இறக்கம் கிடையாது. கருணைக் கொலை வேலையை ஒரே ஆள் தலையில கட்டாம முறை வெச்சு மாத்திக்கிறது. 'செய்யலாமா வேண்டாமா'ங்கிற முடிவை ஒருத்தர் மட்டும் சுமக்காம, ரெண்டு மூணு பேரா எடுக்கிறது. படிக்கிறப்போவே கெட்ட செய்தியை எப்படிச் சொல்றதுன்னு பழக்கிறது. இதுக்கெல்லாம் கோடிக்கணக்குல பணம் தேவையில்லை. நேரமும் ஆளும் வேணும். ரெண்டு பேர் இருக்கிற மருந்தகத்துல முறை வெச்சு மாத்திக்க மூணாவது ஆள் எங்கே? அங்கதான் அரசாங்கம் யோசிக்கணும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. டீக்கடையில பேசினா மனசு லேசாகும். பட்டிக்குள்ள நாய் வர்றது நிக்காது. ரோட்டோரம் கோழிக்கழிவு கொட்டுறது நின்னா, கருத்தடை ஒழுங்கா நடந்தா, இழப்பீடு சீக்கிரம் வந்தா, அந்த ஆத்தா எட்டாவது ஆட்டுக்காகக் கெஞ்சியே இருக்க மாட்டாங்க.

இந்த மாவட்டத்துக்கு இது புதுசு இல்லை. நொய்யல் ஆத்துல பாசனத்துக்காக 1992-ல கட்டின ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கி நின்னதுல வாய்க்காலைத் திறக்க வேண்டாம்னு விவசாயிகளே சொல்ற நிலைமைக்குப் போச்சு. கழிவை வெளியே விடாத சுத்திகரிப்பு வர்ற வரைக்கும் சாயப்பட்டறைகளை மூடணும்னு 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. ஆத்தங்கரை மாட்டுக்கு டாக்டர் வைத்தியம் பார்க்கலாம். ஆத்துக்கு வைத்தியம் பார்க்க அவங்களால முடியாது. அதனால டாக்டருக்கு வலிக்குதுன்னா, அவங்களுக்கு மட்டும் ஆறுதல் சொல்லிட்டு நகர்ந்துடக் கூடாது. வெளியில எது கெட்டுக் கிடக்குன்னும் பார்க்கணும்.

நீங்க என்ன செய்யலாம்?

பெருசா ஒண்ணும் வேண்டாம் மக்களே. சின்னச் சின்னதா சில விஷயம்.

அடிபட்ட தெருநாயைத் தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில விட்டுட்டு ஓடாதீங்க. முடிவு தெரியற வரைக்கும் கூட இருங்க. பிழைக்காதுன்னா, 'நீங்களே முடிவு பண்ணிக்கங்க டாக்டர்'னு அவங்க தலையில போடாம நீங்களும் சேர்ந்து முடிவெடுங்க.

உங்க வீட்டு நாய்க்கே அந்த நிலைமை வந்தா, டாக்டர் சம்மதிச்சா கடைசி நிமிஷத்துல அதோட தலையை உங்க மடியில வெச்சுக்கங்க. அது பார்க்கிற கடைசி முகம் உங்களோடதா இருக்கட்டும். வெளியே வந்து, பிடிச்சுக்கிட்டு நின்ன உதவியாளர்கிட்டயும் ஒரு நன்றி சொல்லுங்க.

'ஒரு ஊசி போடுறதுக்கு இவ்வளவு சார்ஜா?', 'மாட்டு டாக்டர்தானே'... இந்த ரெண்டு டயலாக்கையும் டிக்‌ஷனரியில இருந்தே தூக்கிடுங்க.

ஹாஸ்டல், மெஸ், பிரியாணிக் கடை... கறிக்கழிவு எங்கே போகுதுன்னு ஒரு தடவை கேளுங்க. கால்நடைகளுக்கு அவசரம்னா தமிழ்நாட்டுல 1962-ங்கிற இலவச எண்ணைக் கூப்பிடலாம்.

வெட்னரி படிக்கிற ஃப்ரெண்டு இருந்தா, 'என்னடா, மாடு உதைச்சுதா?'ன்னு கலாய்க்கிறதோட நிறுத்தாம, 'இன்னிக்கு என்ன கேஸ்?'னு கேளுங்க. அட்வைஸ் பண்ணாமக் கேட்டாலே போதும். அவங்க பேச்சுல ரொம்ப நாளா வெறுமை தெரிஞ்சா, 'வாழ்றதே பிடிக்கலை'ங்கிற மாதிரி எதையாவது சொன்னா, விளையாட்டா எடுத்துக்காதீங்க. தனியா விடாம, 14416-க்குப் போன் போட்டுக் கொடுங்க. மத்திய அரசோட டெலி-மானஸ். 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. உங்களுக்கே தேவைப்பட்டாலும் அதே நம்பர்தான்!

நீங்களும் போகலாம்

ஒரு நாள் லீவு கிடைச்சா இந்தப் பக்கம் வாங்க. திங்கட்கிழமைன்னா திருப்பூர் பக்கத்துல அமராவதிபாளையம் மாட்டுச்சந்தை. சித்திரையில வந்தா, வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடுற காங்கேயம் மாட்டுச்சந்தை, கண்கொள்ளாக் காட்சி! சிவன்மலை ஏறி, பக்தர் கனவுல வந்த பொருளைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சிருப்பாங்களே, அந்த ஆண்டவன் உத்தரவுப் பெட்டியையும் பார்த்துடுங்க. கிளுவை வேலியோரமா சும்மா நடங்க. வேலிக்குள்ள போகணும்னா தோட்டத்துக்காரங்ககிட்ட கேட்டுட்டுப் போங்க, திரும்புறப்போ படலைச் சாத்திட்டு வாங்க.

வழியில எங்கேயாவது மருந்துப் பெட்டியோட ஒரு ஸ்கூட்டரும், பின்னாடியே ஒரு மொபெட்டும் டீக்கடையில நிக்கிறதைப் பார்த்தா, அது டாக்டரம்மாவும் அண்ணனுமா இருக்கலாம். இல்லைன்னா அவங்களை மாதிரி இன்னொரு ஜோடியா இருக்கலாம். பேசிக்கிட்டு இருந்தா குறுக்கே போகாதீங்க. பேசி முடிச்சு எழுந்திருக்கிறப்போ, அந்த ரெண்டு டீக்கும் நீங்க காசு கொடுத்துடுங்க!